தலையிடாமைக் கந்தோரின் முத்திரை

உலக சரித்திரத்தில் அரசாங்கங்கள் செய்த காரியங்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு காரியத்தைச் செய்யாமலிருப்பதற்கென்றே தனிக் கட்டடம் எடுத்து, ஓடு வேய்ந்து, துரை ஒருவரையும் குமாஸ்தாக்கள் ஐவரையும் பியூன் ஒருவரையும் நியமித்து, அந்தச் செய்யாமையைக் காலை ஒன்பது மணி முதல் மாலை நாலரை மணி வரை இடைவிடாமல் செய்துவந்த பெருமை மாத்தளைக்கு மட்டுமே உண்டு. 'பிணக்குக்குரிய சாதி, சமய, ஒழுக்க, வழக்க விவகாரங்களில் தலையிடாமைக் கந்தோர்' என்பது அதன் முழுப் பெயர். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியாத ஜனங்கள் தலையிடாமைக் கந்தோர் என்று சுருக்கிவிட்டார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில் இலங்கைக்குப் புதிய அரசியல் யாப்பு வந்தது. வந்த மறு வருஷமே கந்தோரும் வந்துவிட்டது. அதன் சுவரில் 'எல்லை விதி' கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. 'மக்களைப் பிரிக்கக்கூடிய விவகாரங்களில் அரசாங்கம் எந்தப் பக்கமும் சாயாது; எவர் கையையும் பிடிக்காது; எவர் கையையும் தட்டிவிடாது.'

இந்த விதியைத் தமிழில் அழகாக எழுதியவர் தலைமைக் குமாஸ்தா நல்லையா. கடைவீதியில் கொத்தமல்லியும் கருப்பட்டியும் விற்றவரின் மகன். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, முத்து முத்தான கையெழுத்து. விதியை அவர் வெறுமனே எழுதவில்லை, நம்பவும் செய்தார். அதற்குக் காரணம் இருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது சின்னம்மாவின் கல்யாண ஊர்வலத்தில், நாதஸ்வரக்காரர் எந்தச் சந்தி வரை ஊதலாம், எந்தச் சந்தியில் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் தடியால் அளந்து கொடுத்தார். அன்றைக்கு அவமானத்தில் அழுத தகப்பனாரின் முகம் நல்லையாவுக்கு மறக்கவே இல்லை. அரசாங்கம் எட்டி நிற்க வேண்டிய இடங்களில் எட்டி நிற்க வேண்டும் என்று அவர் மனதாரச் சொன்னால், அதில் பொய் கிடையாது.

எட்டி நிற்பதற்கு அவரிடம் ஒரு கருவியும் இருந்தது. உள்ளங்கை அகலப் பித்தளை முத்திரை. கந்தோருக்கு அந்த ஒன்றுதான். மையில் தோய்த்தால் கடதாசிக்கு, அரக்கில் அழுத்தினால் உறைக்கு. 'அரசாங்கம் தலையிடுவதற்கில்லை' என்று மூன்று பாஷைகளில் வட்டமாக வெட்டியிருந்தது.

அந்த முத்திரை விழுந்த இடங்களைச் சொல்லி முடியாது. நாவுலையில் சாராயத் தவறணையை மூடச் சொல்லிப் பெண்கள் எழுதினார்கள். குடிப்பது ஒழுக்க விவகாரம், தலையிடுவதற்கில்லை. அந்தப் பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று தவறணைக்காரர் எழுதினார். விற்பது வியாபாரம், உடனே இரண்டு கான்ஸ்டபிள்கள் போனார்கள். பல்லேபொலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகளை வாங்கிலும் சில பிள்ளைகளைத் தரையிலும் உட்கார வைத்தார்கள். வாங்கு அரசாங்கத்தினுடையது, உட்காருவது வழக்கத்தினுடையது என்று நல்லையா பதில் எழுதினார். அந்த வாக்கியத்தைத் துரை கொழும்புக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கினார்.

இப்படிக் கந்தோர் கீர்த்தியோடு நடந்துகொண்டிருந்த ஏழாவது வருஷம், எல்கடுவைக்கு மேலே உள்ள குரங்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அழகாயி இறங்கி வந்தாள்.

பன்னிரண்டு மைல் நடந்து வந்தவளுக்குப் படியேறவே தயக்கம். கையில் அரசாங்கக் கச்சேரி வாசல் மரத்தடியில் பெட்டிஷன் எழுதும் ஜமால்தீன் எழுதிக் கொடுத்த மனு. நல்லையா அதை ஓரத்தில் பிடித்து வாசித்தார்.

"என்ன விசயம்மா? சுருக்கமாச் சொல்லு."

"தண்ணிங்க ஐயா."

குரங்குமலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இரண்டு வரிசை. மேல் லயம், கீழ் லயம். மேலே இருப்பவர்கள் தங்களை மேலானவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்; லயம் கட்டிய மேஸ்திரியும் அதற்கு ஒத்தாசை செய்திருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு வயிற்றோட்டத்தில் பதினொரு பேர் போன பிறகு, சுகாதாரப் பகுதியார் கட்டளை போட்டு மலை ஊற்றிலிருந்து ஒரு குழாய் இழுத்தார்கள். 'தோட்டத்தார் சகலருக்கும்' என்று கட்டளை சொல்லியது. குழாய் மேல் லயத்து முற்றத்தில் வந்து நின்றது. கீழ் லயத்துக்காரர்கள் அதைத் தொடக்கூடாது. எட்ட நின்று குடத்தை வைத்தால், மனம் வந்தவர்கள் ஊற்றுவார்கள். மனம் வராத நாளில் கீழே ஓடைதான். மேல் லயத்துக் கழிவுநீர்க் கான் அந்த ஓடையில்தான் விழுகிறது.

"இங்க பாரும்மா," என்றார் நல்லையா. "இது தண்ணி விவகாரமில்ல. பைப்புக்குள்ள இருக்கிற வரைக்கும் அது தண்ணி. வெளிய வந்து ஒருத்தர் தொடப் போறாங்கன்னா அது சமூகப் பிரச்சினை."

"அப்ப பைப்புக்குள்ள பூந்து குடிக்கணுங்களா?"

"குறுக்குக் கேள்வி கேக்காதே."

"மூத்தவ அந்த ஓடத் தண்ணியாலதான் போனா ஐயா. இப்ப சின்னவ, பரிமளம், நாலு வயசு, அவளுக்கும் அதே மாதிரி வயித்தால போகுது. டிஸ்பென்சரி ஐயா பைப்புத் தண்ணிதான் குடுக்கணுங்கிறாரு. பைப்பத் தொட்டா கைய ஒடிப்போம்ங்கிறாங்க."

நல்லையா விரல் விட்டு விளக்கினார். "டிஸ்பென்சர் சொன்னது வைத்தியம், அது சுகாதாரப் பகுதி. கைய ஒடிக்கிறது குற்றம், அது பொலிஸ் பகுதி, ஒடிச்ச பொறகு போகலாம். நடுவுல இருக்கிறது மட்டுந்தான் நம்ம கந்தோர்."

"நடுவுல என்னங்க இருக்கு?"

"வழக்கம்."

"நடுவுல எம்புள்ள இருக்குங்க ஐயா."

நல்லையா கல்நெஞ்சக்காரர் இல்லை. மனுவுக்கு உடனே நம்பர் போட்டார். பிறகு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

"மூணு வாரம் எதுக்குங்க? ஒண்ணும் செய்யாம இருக்கவா?"

"முறைப்படி செய்யாம இருக்கணுமில்லையா!"

மூன்று வாரத்தில் மனு ஐந்து மேசைகள் ஏறி இறங்கியது. அழகாயி மறுபடி பன்னிரண்டு மைல் நடந்து வந்து, முத்திரை விழுந்த பதிலை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். ஜமால்தீன் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். இருபது வருஷமாக மற்றவர்களுடைய கஷ்டங்களை எழுதி எழுதித் தேய்ந்த மனுஷர்.

"தங்கச்சி, இதுல என்ன ஈக்கிது தெரியுமா? 'எவருடைய வழக்கத்திலும் அரசாங்கம் தலையிடாது. அவரவர் வழக்கத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.' கையெழுத்தப் பாருங்க, மாஷா அல்லாஹ்."

"எழுத்து நல்லாருந்தா தாகம் தீருமா, ஜமால்தீன் நானா?"

"விதி நல்ல விதிதாம்மா. எங்கட பள்ளிவாசலுக்குள்ள வந்து ஒருத்தன் சட்டம் பேசப்படாது, ஒங்கட கோயிலுக்குள்ளயும் பேசப்படாது. நல்ல விஷயந்தானே? ஆனா..." அவர் கடதாசியை இன்னொரு தரம் வாசித்தார். "ஒங்கட புருஷன் தோட்டத்துல என்ன செய்றாரு?"

"முள்ளுக்குத்தி மண்ணு கெளர்ற வேலைங்க. விடியக்கால பெரட்டுக்கு ஆளெழுப்பத் தப்பு மேளம் அடிக்கிறதும் அவருதான்."

"தப்படிக்கச் சம்பளம்? செக்ரோல்ல பேர்?"

"அதெல்லாம் இல்லீங்க. அவரு அப்பா அடிச்சாரு, இவரு அடிக்கிறாரு. வழக்கந்தான்."

ஜமால்தீன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "வழக்கமா?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை குரங்குமலைத் தோட்டம் விடியவில்லை.

சூரியன் வழக்கம்போல வந்தது. ஆனால் சூரியனை நம்பி யாரும் அங்கே எழும்புவதில்லை. காலை நாலரை மணிக்கு அழகாயியின் புருஷன் சடையன் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சி, முடுக்கில் நின்று அடிப்பான். மூன்று மலைச் சரிவுகளிலும் அந்தச் சத்தம் போய் மோதும். ஐந்து மணிக்கு எல்லாரும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் பதிவார். அன்றைக்குச் சத்தம் இல்லை. ஏழரை மணிக்கு எழும்பிய தோட்டத்துத் துரை, தாம் செத்துவிட்டோமோ என்று முதலில் நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

சடையன் லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பிரா வாசலில் கும்பிட்டு நின்றான். "எங்க வழக்கத்த மாத்திக்கிட்டோம் தொர. கவுருமெண்டு தலையிடாதுங்களாம். கடதாசி இருக்குங்க."

தோட்டத்துத் துரை விசில் ஊதிப் பார்த்தார். பனியில் அது பக்கத்துச் செடிக்கே கேட்கவில்லை. கொழும்புக்கு எழுதிக் கேட்ட பெரிய மணி கப்பலுக்காகக் காத்திருந்தது. கோயில் மணியை அடிக்கலாமென்றார். அம்மனை எழுப்பும் மணியால் ஆட்களை எழுப்ப முடியாது, அது சமய விவகாரம் என்று பெரிய கங்காணி ராசையா சொல்லிவிட்டார். அப்படியானால் அந்தத் தப்பையே வேறு யாராவது எடுத்து அடித்தால் என்ன?

"அது மாட்டுத் தோலுங்க தொர," என்றார் கங்காணி. அந்த யோசனையே தம் மேல் பட்டுவிட்டதுபோல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஆளுங்க தொட மாட்டாங்க."

தப்பு மேளம் கீழ் லயத்துச் சுவரில் தொங்கியது. மேல் லயத்தில் நானூறு பேர், நானூறு சோடிக் கைகள். ஒரு கைக்கும் அதைத் தொடும் தைரியம் இல்லை. பிந்தி எழும்பியதால் அரை நாள் சம்பளத்துக்கு அரைப் பேர்தான் விழுந்து, நானூறு பேரும் கங்காணியைத் திட்டினார்கள்.

எட்டாம் நாள் தோட்டத்துத் துரையும் கங்காணியும் தலையிடாமைக் கந்தோருக்கு வந்தார்கள். அங்கே நடந்த கூட்டம் யாப்புச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அவசியம் கற்க வேண்டியது.

"என் தோட்டத்தில் எட்டு நாளாக விடியவில்லை," என்றார் தோட்டத்துத் துரை.

"வருந்துகிறேன்," என்றார் கந்தோர்த் துரை. "ஆனால் மேளம் அடிப்பது வழக்கம். வழக்கத்தில் நாங்கள் தலையிடுவதற்கில்லை. நல்லையா, முத்திரை."

"கொழுந்து முற்றுகிறது."

கந்தோர்த் துரையின் கை நடுவழியில் நின்றது. சாதி, சமயம், ஒழுக்கம், வழக்கம் என்று விதியில் நாலு இருந்தன. கொழுந்து இல்லை.

"முற்றுகிறதா?"

"பழுத்தே போய்விடும்."

"அப்படியானால் இது வழக்கமாக இருக்க முடியாது," என்றார் கந்தோர்த் துரை. "நல்லையா, தப்பு என்பது என்ன என்று நாலு மணிக்குள் கண்டுபிடித்துச் சொல்லும்."

நல்லையா மத்தியானச் சோறு உண்ணாமல் சிந்தித்தார். நாலு மணிக்கு எழுந்து நின்று வாசித்தார். "காலை நாலரை மணி முதல் ஐந்து மணி வரை தப்பு என்பது தொழில். மற்ற வேளைகளில் வழக்கம். ஆகவே தப்பை அடிக்கும் கை அரசாங்கத்தின் கவனிப்புக்குரியது. குழாயைத் தொடும் கை வழக்கத்தின் கவனிப்புக்குரியது."

"இரண்டும் ஒரே மனிதனின் கைதானே?" என்று கேட்டார் தோட்டத்துத் துரை. புதிதாகச் சீமையிலிருந்து வந்தவர்.

"ஆம் துரை. ஆனால் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்தவை."

அழகாயியின் மனுவுக்கு மூன்று வாரம் பிடித்த கந்தோர், இந்தக் கட்டளையை அன்று மாலையே குதிரையில் அனுப்பியது. சடையன் தினமும் தப்பு அடிக்க வேண்டும். மறுத்தால் காம்பிராவைக் காலி செய்ய வேண்டும். கட்டளையில் நாலு பிரிவுகள். எதையும் அரைகுறையாக எழுதுவது நல்லையாவுக்குப் பிடிக்காது. 'நாலாவது: தப்பு ஒலித்ததும் லயங்களிலுள்ள சகலரும் பெரட்டுக்களம் செல்ல வேண்டும், பேர் பதிந்து முடியுமட்டும் எவரும் திரும்பலாகாது. தப்பு அரசாங்கக் கவனிப்பிலுள்ள கருவியாதலால், அதைத் துடைத்துப் பத்திரப்படுத்தும் பொருட்டு அடிப்பவருக்கும் அவர் மனைவிக்கும் அரைமணி நேரம் விலக்கு உண்டு.'

இந்த நாலாம் பிரிவை நல்லையா தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்று கேட்கக் கூடாது. அது மனிதனின் நோக்கம் பற்றிய கேள்வி. நோக்கம் ஒழுக்கத்தைச் சேர்ந்தது. தலையிடுவதற்கில்லை.

கீழ் லயத்தில் ஒரே சோகம். சடையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அழகாயி மட்டும் கட்டளையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். ஜமால்தீன் நாலாம் பிரிவை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அவள் மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம், "நாளைக்கு நல்லா அடிங்க," என்றாள். "மூணு மலைக்கும் கேக்கணும்."

சடையன் அடித்தான். அப்பன் காலத்திலும் அப்படி ஒரு அடி கேட்டதில்லை என்று சொன்னார்கள். மேல் லயத்தில் ஈ காக்கை மிச்சமில்லாமல் எல்லாரும் பெரட்டுக்குப் போனார்கள். கட்டளை. திரும்ப முடியாது. கட்டளை. அந்த அரைமணி நேரத்தில் அழகாயி இரண்டு குடங்களோடு மேலே ஏறினாள். குழாயைத் திறந்தாள். அவள் கை பட்டதும் தண்ணீர் நின்றுவிடவில்லை.

ஐந்து வாரம் இப்படி நடந்தது. கீழ் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கொரு செம்பு. பரிமளம் எழுந்து உட்கார்ந்தாள், பிறகு நடந்தாள், பிறகு கோழியை விரட்டினாள். அழகாயி அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள். மேல் லயத்துக்காரர்களும் அதே குழாயில்தான் பிடித்துக் குடித்தார்கள். ஒருவருக்கும் ஒரு ஏப்பம் கூடத் தப்பாக வரவில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை கங்காணியின் மனைவி சுந்தரம்மா விளக்குப் போட விடியற்காலையில் கோயிலுக்கு வந்தாள். கங்காணி வீடு லயங்களுக்கு அப்பால், தனி வீடு. அவளுக்குப் பெரட்டுக் கிடையாது. வந்தவள் குழாயடியில் அழகாயியைக் கண்டாள்.

ஐந்து வாரமாக நன்றாக இருந்த நானூறு வயிறுகள் அன்று காலை எட்டு மணிக்கு ஒரே நேரத்தில் கலங்கின.

கங்காணி ராசையா மத்தியானமே கந்தோரில் நின்றார். வழக்கம் கெட்டுவிட்டது, அரசாங்கம் உடனே தலையிட வேண்டும் என்று மனு. வாசித்த நல்லையாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை ஒளிக்க அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். ஏழு வருஷமாகத் தாம் நம்பிய விதிக்கு இன்றுதான் சரியான வேலை. முத்திரையை மையில் தோய்த்தார்.

"நில்லும்," என்றார் கந்தோர்த் துரை. "இது வேறு. அந்தப் பெண் கேட்டது தலையீடு. இவர் கேட்பது பாதுகாப்பு."

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம், துரை?" ஏழு வருஷத்தில் நல்லையா கேட்ட முதல் கேள்வி அது.

"அவளுக்குப் பின்னால் எத்தனை பேர்?"

"நாற்பது பேர் இருப்பார்கள்."

"இவருக்குப் பின்னால்?"

"நானூறு. அப்புறம்... கொழுந்து."

"உமக்கே தெரிகிறதே," என்றார் துரை அன்போடு.

எந்தப் பக்கமும் சாயாத அரசாங்கம் எந்தப் பக்கமும் சாயாமல் ஒரு முடிவெடுத்தது. குழாயைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு இரண்டு கதவுகள்: மேல் லயத்துக்கு ஒன்று, கீழ் லயத்துக்கு ஒன்று. நடுநிலைமை என்றால் இப்படி இருக்க வேண்டும். மேல் லயத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள். கீழ் லயத்துக் கதவுக்குப் பூட்டு. யாரும் கை வைக்காதபடி பூட்டுக்கு மேல் அரக்கு முத்திரை. நாலாம் பிரிவில் இருந்த விலக்கு அடித்து நீக்கப்பட்டது. வேலிக்குக் குழி வெட்டியவர்கள் கீழ் லயத்துக்காரர்கள். அது தொழில், ஆகையால் குழாய்ப் பக்கம் அவர்கள் நாலு நாள் வரலாமென்று அனுமதி இருந்தது.

ஐந்தாம் நாள் முத்திரை வைக்க நல்லையாவே வந்தார். வண்டி ஏறி, மலை ஏறி, மூச்சு வாங்கி. இத்தனை நாளாகக் கடதாசியில் மட்டும் பார்த்த குழாய் அது. முழங்கால் உயரம்கூட இல்லை. இதற்கா இவ்வளவு என்று அவருக்குத் தோன்றியது. மேல் லயம் முழுவதும் கூடி நின்றது. அவர் வேலிக்குள் காலெடுத்து வைக்கப் போனார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க," என்றார் கங்காணி ராசையா பணிவாக. "கோவிச்சுக்கக் கூடாது. ஐயா என்ன ஆளுங்க?"

"என்ன ஆளா? நான் அரசாங்கம்!"

"அது தெரியுதுங்க. அரசாங்கம் என்ன ஆளுங்க?"

"அரசாங்கத்துக்குச் சாதி கெடையாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "அப்படீன்னா தள்ளித்தான் நிக்கணுங்க," என்றார் கங்காணி. "எங்க வழக்கம். நீங்கதான் அதுல தலையிட மாட்டீங்களே."

நல்லையா எடுத்த காலைப் பின்னால் வைத்தார். திரும்பிப் போனால் துரை என்ன சொல்வார்? நானூறு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் கங்காணியின் காதருகே குனிந்து ஒரு வார்த்தை சொன்னார். கங்காணி முகம் மலர்ந்தது.

"அட, அப்ப நம்மாளுதான்! வாங்க, வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

இவ்விதமாக அரசாங்கத்துக்கு அன்று காலை பத்தேகால் மணிக்கு ஒரு சாதி கிடைத்தது. தாகம் இருந்தும் நல்லையா தண்ணீர் வேண்டாமென்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலிக்குள் நுழைந்து, கீழ் லயத்துக் கதவு வழியாக அந்தப் பக்கம் போய், பூட்டைப் பூட்டினார்.

அந்தப் பக்கத்தில் அழகாயி நின்றாள். இடுப்பில் பரிமளம். ஒன்பது நாளாக மறுபடி ஓடைத் தண்ணீர். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது, தலை தாயின் தோளில் கிடந்தது, கண் மட்டும் குழாயைப் பார்த்தது. காலடியில் காலிக் குடம்.

நல்லையா மெழுகுதிரியைக் கொளுத்தினார். மலைக்காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினார், மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை தீக்குச்சி விரலைச் சுட்டது. மேல் லயத்துக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அனுதாபப்பட்டார்கள். இந்தப் பக்கம் வருவதற்கில்லை. அழகாயி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தோளில் சரித்துக்கொண்டு கிட்ட வந்து, ஒரு கையைக் குவித்துச் சுடருக்கு மறைப்புக் கட்டினாள்.

"வைங்க ஐயா. கை சுடுது பாருங்க."

அவள் கையின் மறைவில் அரக்கு உருகிப் பூட்டின் மேல் சொட்டியது. நல்லையா முத்திரையை எடுத்து அழுத்தினார். அரக்கு இறுகும்வரை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டும். அவர் நின்றார். அவளைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

அவர் முத்திரையை இன்னும் அழுத்தினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. ஜமால்தீன் நானாவும் இங்கன இல்ல. நீங்கதான் சொல்லணும்."

நல்லையா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தடவை எழுதிய வாக்கியம். "அரசாங்கம்..." என்றார். "அரசாங்கம் தலையிடுவதற்கில்லை."

அழகாயி பூட்டைப் பார்த்தாள். அரக்கைப் பார்த்தாள். அதன் மேல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்த அவர் கையைப் பார்த்தாள். குனிந்து குடத்தை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப கைய எடுங்க ஐயா," என்றாள். "நாங்க தண்ணி புடிச்சுக்கிறோம்."